‘அவர் எங்கள் நிருபர் இல்லைங்க’

"அவர் எங்கள் நிருபர் இல்லைங்க, விளம்பரம் பிடித்துத் தருகிறவர்."

2019 ஆடி மாதம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். காவல் நிலையத்து மரப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். எஸ்.ஐ. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். அந்தப் பக்கம் பேசியது நான் ஒன்பது வருடம் செய்தி அனுப்பிய நாளிதழின் மாவட்ட அலுவலகம். "குவாரி செய்தி நல்லா வந்திருக்கு, நாளைக்கும் ஒண்ணு போடுங்க" என்று காலையில் சொன்னதும் இதே குரல்தான்.

பத்திரிகையாளர் சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், சந்தா எதற்குக் கட்ட வேண்டும் என்று புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சொந்தமாக யூடியூபிலும் இணையதளத்திலும் செய்தி போடுகிறவர்கள் இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். எனக்குப் பதில் அந்த ராத்திரியில் கிடைத்தது என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

காங்கேயம் பக்கம் எனக்கு. தாலுகா நிருபர் என்றால் வெளியே இருப்பவர்களுக்குப் பெரிய வேலை மாதிரித் தெரியும். சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் ஒரு தொகை வரும், அது பெட்ரோலுக்கே போய்விடும். வருமானம் என்று சொன்னால் விளம்பரக் கமிஷன்தான். சுதந்திர தினம், தீபாவளி, பொங்கல், தேர்த் திருவிழா என்று மலர் போடும்போதெல்லாம் டார்கெட் வைப்பார்கள். அரிசி ஆலை, எண்ணெய் மில், கொப்பரைக் களம், தனியார் பள்ளி என்று வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும். யாரிடம் நேற்று விளம்பரம் கேட்டு நின்றோமோ அவரைப் பற்றியே நாளைக்கு எழுத வேண்டி வரும். வீட்டுச் செலவுக்கு நான் ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருந்தேன். என்னை மாதிரி எல்.ஐ.சி. ஏஜென்ட், கேபிள்காரர், டியூஷன் வாத்தியார் என்று இன்னொரு தொழில் வைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் செய்தி எழுதுகிறார்கள்.

அந்தக் குவாரியில் அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டியிருந்தார்கள். வெடி வைத்து வைத்துப் பக்கத்துக் காலனியில் சுவர் எல்லாம் விரிசல், கிணற்றில் பால் மாதிரித் தண்ணீர். படத்தோடு எழுதினேன். செய்தி வந்த அன்று சாயங்காலமே, நான் பணம் கேட்டு மிரட்டியதாகவும் கொடுக்காததால் எழுதிவிட்டதாகவும் புகார் போய்விட்டது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்தப் புகார் புதிதில்லை. செய்தி பொய் என்று வழக்குப் போட்டால் ஆவணத்தை எல்லாம் கோர்ட்டில் காட்ட வேண்டி வரும்; பணம் கேட்டான் என்று சொன்னால் போதும், ஊரே நம்பும். ஏனென்றால் அப்படிப் பணம் கேட்கிறவர்களும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

"ஒரு விசாரணை, வந்துட்டுப் போயிடுங்க" என்று போன் வந்தது. தனியாகப் போனேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு. போனதும் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது எதுவும் இல்லை. யாரையும் கூப்பிட முடியவில்லை. எனக்கு யாருடைய நம்பரும் மனப்பாடமில்லை, வீட்டு நம்பரைத் தவிர. ஒரு ஏட்டய்யா இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுத்தார். மனைவியிடம் சங்கச் செயலாளருக்குச் சொல்லச் சொன்னேன். அவள் நம்பருக்கு எங்கே போவாள்? சங்கத்தின் தினக் காலண்டர் ஒன்று சமையலறையில் மாட்டியிருந்தது, அதன் அட்டையில் அச்சடித்திருந்தது. அந்தக் காலண்டரை வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கி வந்திருந்தேன்.

பத்தேகால் மணிக்கு டி.வி.எஸ். 50 சத்தம் கேட்டது. செயலாளர் அண்ணனுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. வேறொரு நாளிதழின் நிருபர் அவர், எனக்குப் போட்டிப் பத்திரிகை. பின்னாலேயே ஒரு வக்கீல், இன்னும் நாலு நிருபர்கள். அதில் ஒருவரோடு நான் ஆறு மாதமாகப் பேசுவதில்லை. அண்ணன் நேராக என்னிடம் வந்து, "சாப்டியா கண்ணு?" என்றார். இல்லை என்றேன். ஒருத்தரை இட்லி வாங்க அனுப்பிவிட்டுத்தான் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார்.

அவர் கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி, சிவப்புத் துணி பைண்டிங். சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அதில் நாலைந்து பக்கம் உண்டு. போட்டோ, சேர்ந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி, அப்புறம் வருடத்துக்கு நாலு செய்தி என்று பேப்பரில் வந்ததைக் கத்தரித்து மைதாப் பசை போட்டு ஒட்டி, ஓரத்தில் தேதியும் பக்க எண்ணும் எழுதியிருப்பார். பசை காய்ந்து பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். வருடா வருடம் புதுப்பிக்கும்போது இந்தக் கத்தரிப்புக்காக என்னைத் துரத்துவார், நான் சலித்துக்கொண்டே கொடுப்பேன். அந்தப் பக்கங்களை எஸ்.ஐ. மேஜையில் விரித்து வைத்தார். "ஒன்பது வருஷமுங்க. இவரு யாருன்னு அந்த ஆபீஸ் சொல்ல வேண்டாம், இதப் பாத்துக்குங்க. புகார் எழுத்துல இருக்குதுங்களா? சம்மன் எழுதிக் குடுத்தீங்களா?" குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. வக்கீல் பக்கத்தில் நின்றாரே தவிர அதிகம் பேசவில்லை.

பதினொன்றரைக்கு வெளியே வந்தேன், கைபேசியோடு. புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று பதிந்து ரசீது தரும் சி.எஸ்.ஆர். மட்டும் போட்டு விசாரித்தார்கள், நாலு மாதத்தில் முடித்துவிட்டார்கள். என்னைக் காப்பாற்றியது என்னவென்றால், செய்தி போடுவதற்கு முந்தின நாள் குவாரிக்காரரிடம் அவர் தரப்பு என்ன என்று வாட்ஸ்அப்பில் நான் கேட்டிருந்தேன், அவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டிருந்தார். நேரில் போய்க் கேட்டிருந்தால் அவர் சொன்னதுதான் சாட்சியாகியிருக்கும். அன்றிலிருந்து யாரிடம் விளக்கம் கேட்டாலும் எழுத்தில்தான் கேட்கிறேன், எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருவதும் இதைத்தான்.

இரண்டாவது, சம்மன். சாட்சியாகக் கூப்பிடுவதானால் எழுத்தில் கூப்பிட வேண்டும் என்று அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 160-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, அதில் இது 179-வது பிரிவு. பெண்களையும் அறுபது வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் இருக்கிற இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ஸ்டேஷனில் போய்ச் சட்டம் பேசச் சொல்லவில்லை. "வர்றேனுங்க, சம்மன் எழுத்துல குடுத்தா வக்கீலோட வந்துடறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். பாதி அழைப்புகள் அதோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதமே பத்திரிகை என்னை நிறுத்திவிட்டது. கடிதம்கூட இல்லை, அனுப்பிய செய்தி எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். சங்கத்து மூலமாகத் தொழிலாளர் அலுவலகம் வரைக்கும் போனோம். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கு என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. பகுதி நேரமாக வேலை செய்கிறவரும் அதற்குள் வந்தார். ஆசிரியரை நீக்க ஆறு மாதம், மற்றப் பத்திரிகையாளரை நீக்க மூன்று மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் பத்திரிகைத் தொழில்தான் அவருக்கு முதன்மைத் தொழில் என்று காட்ட வேண்டியிருந்தது. ஸ்டுடியோ லைசென்ஸ் என் பெயரில் இருந்தது. நியமன ஆணை என்று ஒன்று என்னிடம் இல்லவே இல்லை. வருடா வருடம் அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதில் ‘விளம்பர முகவர்’ என்று இருந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட நான் அதை முழுதாகப் படித்ததில்லை. கடைசியில் சங்கம் மூன்று கடிதம் எழுதி, பாக்கியிருந்த கமிஷன் 23,000 ரூபாயை வாங்கிக் கொடுத்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்தால் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தாளில் இல்லாததை எந்தச் சங்கமும் உருவாக்கித் தர முடியாது.

இப்போது அந்த 1955 சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்திருக்கின்றன. மின்னணு ஊடகம், டிஜிட்டல் ஊடகத்தில் வேலை பார்க்கிறவர்களையும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள், நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் தாலுகா நிருபர் வரைக்கும் இது எப்படி வந்து சேருகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் செய்தி அனுப்பிய மின்னஞ்சல், பத்திரிகையின் செய்தி டெஸ்கிலிருந்து வந்த வாட்ஸ்அப் கட்டளை, பணம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் மாதம் ஒரு முறை தனியாகச் சேமித்து வையுங்கள். "காங்கேயம் விபத்து, உடனே படம் அனுப்புங்க" என்று ராத்திரி ஒரு மணிக்கு வந்த ஒரு வரி, வேலை வாங்கியவர் யார் என்பதற்கு நல்ல சாட்சி.

அப்புறம் சொந்தமாக ஓர் இணையதளமும் யூடியூப் சேனலும் தொடங்கினேன். வாய்க்கால் தண்ணீர் திறப்பு, விசைத்தறிக் கூலிப் பேச்சு, சாயக்கழிவு, மாட்டுச் சந்தை, தாலுகா ஆபீஸ் என்று உள்ளூர்ச் செய்திகள் மட்டும். அப்போதுதான் சங்கத்தின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். விதிமுறைப்படி இணையதளக்காரர்களுக்கு உறுப்பினர் இடம் இல்லை. ஒன்பது வருடமாக நோட்டில் ஒட்டப்பட்டிருந்த நானே வெளியே நின்றேன்.

அதற்காகச் சங்கத்து ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. வண்டியில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து வாங்கிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செங்கல் சூளை, மருந்துக் கடை, மண் லாரி என்று நிறுத்தி மிரட்டுகிற கூட்டம் கொங்குப் பக்கம் முழுக்க உண்டு. என் மேல் வந்த பொய்ப் புகாரை ஊர் நம்பியதற்குக் காரணம் அவர்கள்தான். பொதுக்குழுவில் நாலு மணி நேரம் சண்டை. கடைசியில் அண்ணன்தான் ஒரு வழி சொன்னார். "எந்தக் கம்பெனின்னு கேக்கறத விட்டுப்போட்டு என்ன எழுதினேன்னு கேப்பம்."

அதன்படி இப்போது உறுப்பினராக வேண்டுமென்றால் ஆறு மாதம் தொடர்ந்து வெளியிட்டிருக்க வேண்டும், அதில் இருபது செய்தியைக் காட்ட வேண்டும். வாங்கி அப்படியே போட்ட பிரஸ் நோட்டும், போலீஸ் அனுப்பிய கைதுப் படமும் கணக்கில் சேராது, அவரே போய்ப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும். தளத்தில் முகவரியும் போன் நம்பரும் வெளிப்படையாக இருக்க வேண்டும். தப்பாகப் போட்டால் திருத்தம் போட்டதற்கு ஓர் உதாரணமாவது காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதி வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம், ஏனென்றால் மிரட்டுகிறவன் ஒரு நாளும் திருத்தம் போட மாட்டான். முதல் வருடம் முப்பத்தொரு பேர் விண்ணப்பித்தார்கள், பன்னிரண்டு பேரைச் சேர்த்தோம். கம்பெனி அட்டை வைத்திருந்த இரண்டு பழைய உறுப்பினர்கள் இருபது செய்தி காட்ட முடியாமல் வெளியே போனார்கள்.

சொந்தமாகத் தளம் நடத்துகிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பேங்க் கணக்குக்காக, விளம்பரப் பில்லுக்காக என்று மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ பதிவு செய்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு கல்லூரியிலிருந்து வந்த வக்கீல் நோட்டீஸில் முதல் பெயர் என் மனைவி பெயர். செய்தி எழுதியது நான், பதில் சொல்ல வேண்டியது அவள். இதைச் சொன்னபோது வக்கீல் ஈரோட்டுக் கதையைச் சொன்னார். 1925-ல் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ இதழில் 1933-ல் வந்த ஒரு தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள், அதில் பெரியாரோடு சேர்ந்து தண்டனை பெற்றவர் அவர் தங்கை கண்ணம்மாள், வெளியிட்டவர் என்று அவர் பெயர் இருந்ததால். சட்டம் எழுதியவரையும் பார்க்கும், வெளியிட்டவரையும் பார்க்கும். இரண்டே நாளில் எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றினேன்.

அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணத்தில் பதிவானதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம், அரசு அதிகாரிகள் அவதூறு என்று சொல்லி முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்கவும் முடியாது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாறு தொடர்பாக வந்த தீர்ப்பு அது, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. அதற்கப்புறம் எந்தப் பெரிய செய்தி என்றாலும் முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிடுவேன். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள். பதில் வந்த தாளையே படமாகச் செய்தியோடு போட்டுவிடுவேன். செய்தி ஒரு மாதம் தாமதமாகும், பரவாயில்லை.

சங்கம் ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் பதிவு விஷயத்தில் குழம்புகிறார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். மன்றம், கிளப் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். 1926-ம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டம் என்றும் ஒன்று இருந்தது, பழைய தொழிற்சங்கங்கள் அதில் பதிந்தவை, இப்போது அதுவும் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. கட்டடம், நூலகம், பயிற்சி, நல நிதி இதற்கெல்லாம் முதல் வகை போதும். நிர்வாகத்தோடு சம்பளத் தகராறு, வேலை நீக்கம் என்று உட்கார வேண்டுமென்றால் தொழிற்சங்கமாகப் பதிந்தவர்களுக்குத்தான் அந்த இடம் உண்டு. எங்களுடையது முதல் வகை, அதனால் என் கமிஷன் விவகாரத்தில் கடிதம் எழுதுவதோடு நிற்க வேண்டியிருந்தது. எதில் பதிந்தாலும் வருடம் தவறாமல் பொதுக்குழு போட்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். மூன்று நாலு வருடம் தாக்கல் செய்யாமல் விட்டு, கோஷ்டி பிரிந்து, எது உண்மையான சங்கம் என்று கோர்ட்டில் நிற்கிறவர்கள் நிறைய.

பணம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் சங்கங்கள் கெட்டுப் போவது இதில்தான். எங்கள் சந்தா மாதம் நூறு ரூபாய். அதில் பாதி அவசர நிதி, தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. ஜாமீன், ஆஸ்பத்திரி, உடைந்த கேமரா மூன்றுக்கு மட்டும் எடுக்கலாம். தீபாவளிக்கு அரசியல்வாதிகளும் குவாரிக்காரர்களும் அனுப்புகிற பட்டாசுப் பெட்டி, கவர் எதுவும் சங்கத்தின் பெயரில் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டோம். அந்த வருடம் ஒன்பது பேர் விலகிப் போனார்கள். வீட்டு மனை கேட்டு அமைச்சரிடம் மனு கொடுப்பதிலும் பெரிய விவாதம் வந்தது. மனை வேண்டியவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், வாடகை வீட்டில் இருபது வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திங்கட்கிழமை மனு கொடுத்து மாலை போட்டுவிட்டு வியாழக்கிழமை அதே அமைச்சரின் ஆட்கள் கேமராவை உடைத்ததற்கு ஆர்ப்பாட்டம் நடத்த முடியாது. கடைசியில், நலத்திட்டம் கேட்பவர்கள் செய்தித் துறை அலுவலகம் வழியாகத் தனித்தனியாக விண்ணப்பிப்பது, படிவம் நிரப்ப மட்டும் சங்கம் உதவுவது என்று முடிவானது. மாநில அரசு 2021-ல் பத்திரிகையாளர் நல வாரியம் அமைத்தது. வாரியம் ஆகட்டும், ஓய்வூதியம் ஆகட்டும், எத்தனை வருடம் எங்கே வேலை பார்த்தாய் என்பதற்குத்தான் ஆதாரம் கேட்பார்கள். அப்போதும் அண்ணனின் நோட்டுத்தான் கைகொடுக்கிறது.

வெளிநாட்டு அமைப்புகளிடம் நிதி கேட்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பத்திரிகை ஆசிரியர், நிருபர், வெளியீட்டாளர், மின்னணு வழியில் செய்தி தயாரிக்கும் நிறுவனம் எல்லோரையும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாதவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். நல்ல மனசோடு வந்த பணமே பின்னால் வழக்காகிவிடும்.

பணம் வேண்டாம், ஆனால் அவர்களின் குரல் வேண்டும். நியூயார்க்கில் 1981-ல் தொடங்கிய பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, பாரீஸில் இருக்கும் எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு, இங்கே பத்திரிகை ஆசிரியர்களின் அமைப்பான எடிட்டர்ஸ் கில்டு, 2020-ல் டிஜிட்டல் ஊடகங்கள் சேர்ந்து தொடங்கிய டிஜிபப், பெண் பத்திரிகையாளர்களின் கூட்டமைப்பு இவர்களெல்லாம் ஓர் அறிக்கை விட்டால் மாவட்டத்தில் அதிகாரிகளின் பேச்சே மாறும். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, கோவையில் ‘சிம்ப்ளிசிட்டி’ இணையதளத்தின் நிறுவனரைக் கைது செய்தார்கள். அப்போது உள்ளூர் நிருபர்களும் வெளிநாட்டு அமைப்புகளும் ஒரே வாரத்தில் பேசினார்கள், அந்த வாரமே ஜாமீனும் வந்தது. அதைப் பார்த்த பிறகு நாங்கள் ஒரு வேலை செய்தோம். சம்பவம் நடந்த அன்றே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்ப ஓர் ஆளை நியமித்தோம், எங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவி, கல்லூரி ஆசிரியை. யார், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பிரிவு, எஃப்.ஐ.ஆர். எண், எந்தச் செய்திக்காக, அதன் இணைப்பு, இவ்வளவுதான். ஆவேசம் ஒரு வரி இருந்தாலும் அவர் வெட்டிவிடுவார். இந்திய பிரஸ் கவுன்சிலுக்கும் அதே தாளை அனுப்பலாம், ஆனால் அச்சுப் பத்திரிகை சம்பந்தப்பட்டது மட்டும்தான் அவர்கள் எல்லைக்குள் வரும். எங்களைப் போன்ற யூடியூப்காரர்கள் அங்கே போய் நிற்க முடியாது.

2024 ஜனவரி 24 ராத்திரி பல்லடம் பக்கம் தொலைக்காட்சி நிருபர் ஒருவரை ஒரு கும்பல் அரிவாளால் வெட்டியது. ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று அதற்கு முன்னால் அவர் போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்த குரல் பதிவு எல்லோருடைய கைபேசியிலும் வந்தது. நான் முழுதாகக் கேட்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். முதலமைச்சர் நல வாரியத்திலிருந்து மூன்று லட்சம் அறிவித்தார், நாங்கள் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். ஆனால் அந்தப் போன் பேச்சுத்தான் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு மனுசன் தனியாகப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஏற்பாடு செய்தோம்: ஒருவர் குழுவில் ‘சிவப்பு’ என்று ஒரே வார்த்தை போட்டு இருப்பிடத்தை அனுப்பினால், மூன்று பேர் தனித்தனியாக மூன்று இடத்துக்குப் பேச வேண்டும், ஸ்டேஷன், அவசர எண் 112, எஸ்.பி. அலுவலகம். பேசிய நேரத்தைக் குழுவிலேயே போட வேண்டும். அருகில் இருக்கிற இரண்டு பேர் வண்டியெடுக்க வேண்டும். அந்த மூவர் பட்டியல் வாரா வாரம் மாறும். இதுவரை இரண்டு தடவை ‘சிவப்பு’ வந்திருக்கிறது. ஒன்று ஒரு மண் லாரி துரத்தியது. இன்னொன்று தாராபுரம் சாலையில் ராத்திரி வண்டி பஞ்சரான ஒரு பெண் நிருபர், பின்னால் யாரோ நிற்பதுபோல் தோன்றியதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்டார். அடுத்த தடவையும் இதே மாதிரி உடனே போடச் சொன்னோம்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டம் முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு, ஒரு லாட்ஜ் மாடியில், கீழே பார். மாவட்டத்தில் பெண் நிருபர்களே இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நூலகக் கட்டடத்துக்கு மாற்றியதும் ஐந்து பேர் வந்தார்கள். அவர்தான் இப்போது பொருளாளர். கணக்கு நோட்டு அவர் கைக்குப் போன பிறகு ரசீது இல்லாமல் ஒரு டீச் செலவுகூட எழுத முடிவதில்லை.

அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. சிவப்பு நோட்டு மூன்றாவது பாகம் ஆகிவிட்டது, ஒட்டுகிற வேலை எனக்கு வந்துவிட்டது. இணையச் செய்திகளை அச்சடித்து, முகவரியும் நேரமும் தெரிகிற மாதிரி ஒட்டுகிறேன். ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம், ஆனாலும் ஸ்டேஷன் மேஜையில் விரித்து வைக்கத் தாள்தான் வேண்டும்.

எங்கள் உறுப்பினர் ஒரு பையனின் கைபேசியை 2023-ல் ஒரு வழக்கில் பறிமுதல் செய்தார்கள். அவன் மேல் குற்றச்சாட்டுக்கூட இல்லை, சாட்சி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்திரிகையாளர்களின் கருவிகளைப் பறிப்பதற்கு நெறிமுறை வேண்டும் என்று ஃபவுண்டேஷன் ஃபார் மீடியா புரொபஷனல்ஸ் அமைப்பு போட்ட வழக்கில், அந்த வருடம் நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் இது தீவிரமான விஷயம் என்று மத்திய அரசிடம் சொன்னது. பையனின் போன் இன்னும் கோர்ட்டில் சொத்துப் பட்டியலில் கிடக்கிறது. நல்லவேளை, பறிமுதல் செய்ததை எழுதும் மகஜரில் மாடலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் எழுதச் சொல்லி அன்றைக்கே நகல் வாங்கியிருந்தோம். அவசர நிதியிலிருந்து பழைய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அதில்தான் இப்போது செய்தி எடுக்கிறான். திருப்பிக் கேட்டு மனு போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது ஒருவர் கூடப் போகிறோம், வெறுமனே பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவதுதான். அடுத்த வாய்தா 14-ம் தேதி, என் முறை.